மதினி வாங்கிய மூன்று அட்டைகள்

அன்று திராட்சைப் பந்தலுக்குள் இருந்தவர்கள்.

நான்.

என் அண்ணன் பொண்டாட்டி, என் மதினி.

அனுமந்தன்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தி. ஊரில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அனுமந்தன்பட்டிக்காரிதான். புருஷன் இல்லை. வாய் உண்டு.

அக்கா ஒருத்தி, அவள் தங்கை ஒருத்தி. அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. அவளைப் பழம் பறிக்க விடமாட்டேன். உட்கார்ந்து பெட்டி அடுக்குவாள்.

டை கட்டிய ஆள் ஒருவன். இருபத்தைந்து வயது இருக்கும்.

இவ்வளவு பேர்தான். பிற்பாடு ஆளாளுக்கு நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்றார்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எல்லோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நான் இருந்தேன்.

ஓடைப்பட்டிக்கு மேற்கே பன்னீர் திராட்சைத் தோட்டம் அது. நான் ஆள் கூட்டிப் போகிறவள். எத்தனை பேர் வேண்டும் என்று தோட்டக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வேன். விடிந்ததும் வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு போவேன். சனிக்கிழமை கூலியை மொத்தமாக வாங்கி நான்தான் பிரித்துக் கொடுப்பேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கணக்கு நன்றாக வரும். பெட்டி எண்ணிப் பழகிய கணக்கு. அப்போது பெண்ணாள் கூலி எண்பது ரூபாய்.

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்குச் சீட்டு ஆரம்பித்துவிடும். மளிகைக் கடைக்காரர் யாராவது பிடிப்பார். மாதம் இவ்வளவு என்று கட்ட வேண்டும். அடுத்த ஐப்பசியில் கட்டின பணத்துக்கு மேல் கொஞ்சம் போட்டு எண்ணெய், மாவு, வெல்லம், ஒரு பாத்திரம் என்று தருவார். ரொக்கம் கேட்டால் ரொக்கம். இரண்டு பங்கு கட்டினால் இரண்டு பங்கு வரும். நடுவில் யாரும் அந்தப் பணத்தைத் தொடுவதில்லை. வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தாலும் தொடுவதில்லை. எங்களுக்குச் சீட்டுப் பிடித்தவர் அந்த வருஷம் எல்லோருக்கும் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இனி யாரிடம் கட்டுவது என்று பேசிக்கொண்டே தூக்குவாளியைத் திறந்தோம். அப்போதுதான் டை கட்டியவன் பந்தலுக்குள் குனிந்து வந்தான்.

சின்னமனூரில் புதிதாகத் திறந்த பெரிய கடையின் ஆள். கீழே மளிகை, மாடியில் துணி, கண்ணாடிக் கதவு. நாங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறோம். உள்ளே போனதில்லை.

"மாசம் அம்பது ரூவாதான்க்கா. எங்க கடையில மெம்பர் ஆயிருங்க. உங்க பேரு போட்டு ஒரு கார்டு குடுப்போம்."

"அம்பது ரூவாய வாங்கிக்கிட்டு எங்க பேர எங்களுக்கே குடுப்பீகளாக்கும்" என்றாள் அனுமந்தன்பட்டிக்காரி.

அவனும் சிரித்தான். "தள்ளுபடி உண்டுக்கா. நூத்துக்குப் பத்து ரூவா."

மதினி சோற்றுக் கையோடு கேட்டாள். "தீவாளிக்கு என்ன தருவீக?"

"தீபாவளிக்குக் கார்டக் கொண்டுக்கிட்டு வாங்க. அப்பப் பாருங்க, நீங்களே அசந்து போவீங்க."

அசந்துதான் போனோம். அதில் அவன் பொய் சொல்லவில்லை.

மதினி மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. தையில் கல்யாணம். மாப்பிள்ளை கம்பத்துக்காரர். வருகிற தீபாவளி தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் பட்டுக்கரைச் சேலை, பலகாரம். குறைத்தால் சம்பந்தி வீட்டில் மகள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணக் கடன் வேறு தலைக்கு மேல் வரப் போகிறது. மதினிக்கு அன்று மனதில் ஓடியது அதுதான். எனக்குத் தெரியும்.

"மூணு எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

அவன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். பிறகு சொன்னான். "எத்தன வேணாலும் எடுங்கக்கா. ஒவ்வொரு கார்டுக்கும் சலுகை உண்டு."

"மூணா? ஏ மதினி, கூலி பூராம் அங்கனயே போயிரும்" என்றேன் நான்.

"போனா என்ன? அங்கனதான கெடக்கும். வீட்டுல இருந்தா ஒங்க அண்ணன் எதுக்காச்சும் எடுப்பாரு."

மதினி தன் பேரில் ஒன்று, அண்ணன் பேரில் ஒன்று, மகள் பேரில் ஒன்று எடுத்தாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. அவன் நீட்டிய பாரத்தில் பொடி எழுத்தாக ஒரு பக்கம் முழுக்க இருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு வரி வாசித்தேன். சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது என்று தோட்டக்காரர் வரப்பிலிருந்து கூப்பிட்டார். எனக்கு நான் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மயில்துத்த மருந்து அடித்த கொடியில் வேலை பார்த்த கை. மை தடவாமலே பாரத்தில் பச்சையாக ஒட்டியது.

தீபாவளி முடிந்ததும் ஒருவன் வருகிறான், மாதா மாதம் பணம் கேட்கிறான், தீபாவளிக்கு வா என்கிறான். அது சீட்டு இல்லாமல் வேறென்ன? நாங்கள் யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது அட்டைக்கு ஐம்பது பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பேன். மதினிக்கு நூற்றைம்பது பிடிப்பேன். அவளுக்கு வாரக் கூலியே நானூற்றெண்பதுதான். மறுநாள் பஸ் ஏறிச் சின்னமனூர் போய் நானூறு ரூபாயைக் கட்டிவிட்டு வருவேன். போக ஐந்து, வர ஐந்து. அதை யாரிடமும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் துண்டுச் சீட்டுத் தரும். மஞ்சள் பையில் போட்டு வைப்பேன்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு பிள்ளை இருக்கும். நல்ல பிள்ளை. பங்குனியிலோ சித்திரையிலோ ஒருநாள் கேட்டது.

"மாசாமாசம் கட்டுறீங்க, ஒண்ணுமே வாங்க மாட்டேங்குறீங்களேக்கா. கார்டு இருக்குல்ல?"

"எல்லாத்தையும் தீவாளிக்கு மொத்தமா எடுத்துக்கிருவோம் தாயி" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். நாங்கள் அவசரக்காரர்கள் இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும் என்று சொன்னேன். அது தலையாட்டியது. மொத்தமாகச் சாமான் வாங்குகிறவர்கள் போல என்று நினைத்திருக்கும். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரே ஒரு தடவை மதினி தொட நினைத்தாள். ஆடியில் மகளை அழைக்கப் போகக் கையில் காசில்லை. "ஒரு பங்க மட்டும் எடுத்துத் தாயேன்" என்றாள். "நடுவுல எடுத்தா மேல்காசு கெடைக்காது மதினி, பொறு" என்றேன். பொறுத்தாள். தோட்டக்காரரிடம் இருநூறு முன்பணம் வாங்கிப் போனாள்.

புரட்டாசியோடு பதினோரு மாதம் முடிந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் போனோம். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தவள் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டு போனோம். அக்காவும் தங்கையும் எண்ணெய்க்குத் தனியாக டின் எடுத்து வந்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் காவல்காரர் மறித்தார்.

"சாக்க இங்கன வச்சுட்டுப் போங்க. டோக்கன் வாங்கிக்கங்க."

"சாக்குக்கே டோக்கன் குடுக்காக. சாமானுக்கு என்ன குடுப்பாகளோ" என்றாள் அனுமந்தன்பட்டிக்காரி. எல்லோரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

எட்டு அட்டையையும் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். "தீவாளிக் கணக்க முடிச்சுருவோம் தாயி."

அது கம்ப்யூட்டரைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.

"என்ன கணக்குக்கா?"

"நாலாயிரத்து நானூறு கட்டியிருக்கோம். மேல நீங்க போடுறது எவ்வளவோ போடுங்க."

"அக்கா, இதுல பணம் இருக்காதுக்கா. இது தள்ளுபடி கார்டு."

நான் மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். துண்டுச் சீட்டு எல்லாம் விழுந்தது. கார்த்திகைச் சீட்டும் மார்கழிச் சீட்டும் தைச் சீட்டும் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. எழுத்தே இல்லை. மாசிச் சீட்டில் பாதி இருந்தது. கடைசி மூன்று நான்கு சீட்டில்தான் படிக்கிற மாதிரி இருந்தது. பையில் கிடந்தே எழுத்துப் போய்விட்டது.

"கட்டினது எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குக்கா" என்றது அந்தப் பிள்ளை. குரல் இறங்கிவிட்டது. "கட்டினீங்க. அது கார்டுக்கான காசு. திரும்ப வராது."

மதினி என் தோளைப் பிடித்தாள். "என்னத்தா சொல்லுது இந்தப் புள்ள?"

நான் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேனேஜர் மதுரைப் பக்கத்து ஆள். முதலில் மரியாதையாகத்தான் பேசினார். நான் அவரை மெதுவாகச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும் என்று நின்றேன்.

"மாசம் அம்பது, நீங்க கடைக்குக் குடுக்குற சந்தா. அதுக்குப் பதிலா நீங்க வாங்குற சாமானுக்குப் பத்து சதவீதம் குறைப்போம்."

"நாங்க ஒண்ணும் வாங்கலையே."

"அது உங்க இஷ்டம்மா."

"அரிசிக்கு எவ்வளவு குறைப்பீக?"

"அரிசிக்குக் கிடையாது."

"பருப்பு?"

"பருப்பு, எண்ணெய், சீனி, மாவு, இதுக்கெல்லாம் கிடையாது. மத்தது எல்லாத்துக்கும் உண்டு."

"மத்ததுன்னா?"

"சோப்பு, ஷாம்பு, பவுடர், பிஸ்கட், பாத்திரம். மாடியில துணி."

நின்ற இடத்தில் கணக்குப் போட்டேன். பதினோரு மாதம் முன்னால் பந்தலுக்குள் போட்டிருக்க வேண்டிய கணக்கு. நூற்றுக்குப் பத்து. கட்டின ஐம்பது கைக்கு வர வேண்டுமென்றால் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குச் சோப்பும் பவுடரும் வாங்க வேண்டும். ஐந்நூறுக்கு வாங்கினால் கட்டினதும் வந்ததும் சரி. லாபம் ஒன்றுமில்லை. அதற்கு மேல் வாங்கினால்தான் ஏதோ பத்து இருபது. பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் போகும். ஐந்நூறு ரூபாய்க்குச் சோப்பு வாங்கினால் எங்கள் தெரு ஆடு மாட்டையெல்லாம் குளிப்பாட்டலாம். எங்கள் வீடுகளில் மாதம் நாலு சோப்பு. ஒரு பவுடர் டப்பா ஒரு வருஷம் கிடக்கும்.

இது எங்களுக்கான அட்டையே இல்லை. மாதம் பத்தாயிரம் சம்பளம் வாங்கி, வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கடையில் வாங்குகிறவர்களுக்கான அட்டை. அது டை கட்டியவனுக்குத் தெரியும். வெயிலில் இவ்வளவு தூரம் நடந்து, எண்பது ரூபாய்க் கூலிக்காரிகளிடம் வந்து விற்றிருக்கிறான்.

"அவரு எங்க?" என்றேன்.

"வேலைய விட்டுப் போயிட்டாருங்க. கோயம்புத்தூர்ல இருக்காப்ல."

"ஒரு அட்டைக்கு அவருக்கு எவ்வளவு குடுத்தீக?"

"அது கடை விஷயம்மா."

"சரி. இவுகளுக்கு மூணு. ஒரே வீடு. மூணு அட்டைக்கும் குறைப்பீகளா?"

"ஒரு பில்லுக்கு ஒரு கார்டுதாம்மா."

"அப்ப மத்த ரெண்டு?"

"அவுங்க கேட்டாங்க, குடுத்தோம்."

"மக பேருல ஒண்ணு இருக்கு. அவ கம்பத்துல இருக்கா. அவதான் வரணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. யாரு பேருல இருந்தாலும் சரி, கார்டு வந்தாப் போதும். நாங்க யாருன்னு கேக்க மாட்டோம்."

மதினி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "ஆயிரத்து அறுநூத்தி அம்பது" என்று மட்டும் சொன்னாள். மேனேஜரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. "சம்பந்தகாரவுககிட்ட சேலைக் கலரு மொதக்கொண்டு சொல்லிட்டேனே" என்றாள் பிறகு.

அக்காக்காரி என்னைப் பார்த்துக் கேட்டாள். "நீங்கதான மாசாமாசம் கூலியில புடிச்சீக. கேட்டுட்டுப் புடிக்கக் கூடாதா?"

"அங்கன நீயும்தான இருந்த" என்றாள் அனுமந்தன்பட்டிக்காரி.

"நான் பெட்டி அடுக்கிக்கிட்டுல்ல இருந்தேன். எனக்கு என்ன தெரியும்?"

பெட்டி அடுக்கியது அவள் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி. நான் திருத்தவில்லை. பிடித்த கை என் கை.

அந்த நேரத்தில் பக்கத்துக் கவுண்டரில் ஒரு குடும்பம் துணிப் பைகளோடு நின்றது. நாலாயிரத்து இருநூறு பில். "கார்டு இருக்கா சார்?" என்றது கவுண்டர் பிள்ளை. "இல்லம்மா" என்றார் அவர்.

அனுமந்தன்பட்டிக்காரி என் கையிலிருந்து ஒரு அட்டையைப் பிடுங்கி நீட்டினாள். "இந்தா. யாருன்னு கேக்க மாட்டீகள்ல."

அட்டையைத் தேய்த்தார்கள். நானூற்றிருபது குறைந்தது. அந்த மனிதர் பில்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நூறு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் அந்த நூறை என் முகத்துக்கு முன் ஆட்டினாள். "ஏ புள்ள, ஒனக்குக் கணக்கு வரும்ல?"

வந்தது. அது திராட்சை பறிக்கிற வேலை மாதிரிதான். ஒரு வரிசைக்கு ஒரு ஆள். கவுண்டர் நாலு. நாலு பேரை நிறுத்தினேன். பிள்ளைக்காரியை மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்தேன். துணிப் பையோடு இறங்குகிறவர்களைப் பார்த்து அவள் கை காட்ட வேண்டும். நான் போய்ப் பேச வேண்டும். "அட்டை எங்களது. குறையிறதுல பாதி ஒங்களுக்கு, பாதி எங்களுக்கு." இவ்வளவுதான் சொன்னேன். வேறு பேசவில்லை.

சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒருவர் மூவாயிரத்துக்கு வாங்கி நூற்றைம்பதை எண்ணி வைத்தார். ஒரு அம்மா பில் போட்ட பிறகு, "நான் கேட்டனா, நீயாத்தான குடுத்த" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி என் கையைப் பார்த்து, "இது என்ன பச்சையா, நோயா?" என்று கேட்டுவிட்டு அட்டையை முந்தானையால் பிடித்து வாங்கினாள். கொடுத்த காசை வாங்கிக்கொண்டேன். என் வயதில் யாரிடமும் கை நீட்டியதில்லை. அன்று ஐந்து மணி நேரம் நீட்டினேன். என் காசைத்தான் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இருந்ததால் நீட்ட முடிந்தது.

மதியம் எங்கள் தோட்டக்காரர் வீட்டம்மாவோடு மாடியிலிருந்து இறங்கினார். கைகொள்ளாத பை.

"ஏத்தா, இங்கன என்ன பண்ற?"

சொன்னேன். முழுக்கக் கேட்டார். அட்டையை வாங்கினார். ஒன்பதாயிரம் பில். தொள்ளாயிரம் குறைந்தது. வீட்டம்மா வாயைப் பிளந்தது.

"நானூத்தி அம்பது எங்களுக்குங்கய்யா" என்றேன்.

"கூலியில பாத்துக்குவோம்த்தா" என்று சொல்லி அட்டையை என் கையில் திருப்பி வைத்தார். "பொழைக்கத் தெரிஞ்சவதான் நீ." சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் போனார்.

காவல்காரர் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். நான் மறித்து நின்று கேட்டிருக்கலாம். மறுநாள் ஐந்து பேருக்கு வேலை வேண்டும். நிற்கவில்லை. கூலியிலும் அவர் பார்க்கவில்லை. இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். "எதுத்தா அது?" என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

மூன்று மணி வாக்கில் மேனேஜர் வந்தார். மரியாதை போயிருந்தது.

"யாரும்மா உங்கள இங்க நிக்கச் சொன்னது? கஸ்டமர்கிட்டக் காசு புடுங்கிக்கிட்டு! பிச்ச எடுக்க வேற இடம் கெடைக்கலையா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"கார்டு வந்தாப் போதும், யாருன்னு கேக்க மாட்டோம்னு நீங்கதான சொன்னீக" என்றேன்.

"அது வேற, இது வேற."

"பதினோரு மாசம் எங்ககிட்ட வாங்குனீகளே. அதுக்கு என்ன பேரு வச்சிருக்கீக?"

அவர் கவுண்டர் பக்கம் திரும்பி, "இந்த எட்டு நம்பரையும் லாக் பண்ணு" என்றார். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் தட்டியது. பதினோரு மாதம் பணம் வாங்கும்போது ஒருநாளும் பூட்டாத கம்ப்யூட்டர். எங்களுக்கு வருகிற அன்றைக்கு ஒரு தட்டில் பூட்டிக்கொண்டது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. நீங்க கையெழுத்துப் போட்டது" என்று எங்கள் பாரத்தை எடுத்துக் காட்டினார். மதினியின் பச்சைக் கைநாட்டு மூன்று தாளிலும் இருந்தது.

அனுமந்தன்பட்டிக்காரி தன் அட்டையை அவர் மேசையில் வைத்தாள். "இந்தாங்க சார், வச்சுக்கங்க. பல்லு குத்த ஆகும்."

வெளியே வந்து டோக்கனைக் கொடுத்துச் சாக்கை வாங்கினோம். பஸ் ஸ்டாண்டுச் சுவர் ஓரம் உட்கார்ந்து எண்ணினேன். ஆயிரத்து எழுநூற்று அறுபது இருந்தது.

"எல்லாத்தையும் மதினிக்குக் குடுத்துருவோம். தலைதீவாளி அவளுக்குத்தான்" என்றாள் அனுமந்தன்பட்டிக்காரி.

"நாங்களும்தான கட்டுனோம்" என்றாள் அக்காக்காரி. தங்கை தரையைப் பார்த்தாள். பிள்ளைக்காரிக்கும் பால்பொடி வாங்கக் காசு வேண்டும்.

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அட்டை எட்டு. எட்டாகப் பிரித்தேன். அட்டைக்கு இருநூற்றிருபது. மதினிக்கு அறுநூற்று அறுபது. என் பங்கு இருநூற்றிருபதையும் அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

பெரிய கடைக்கு எதிர்ப்பக்கம் பழைய துணிக்கடை ஒன்று இருக்கிறது. அட்டை கிடையாது, தள்ளுபடி கிடையாது. அங்கே போனோம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை ஐந்நூற்று அறுபது. மீதி முந்நூற்றிருபதுக்கு ஒரு சேலை. பட்டுக்கரை இல்லை. மதினி சொல்லியிருந்த கலரும் இல்லை. கடைக்காரர் பையை நீட்டினார். மதினி வாங்கவில்லை. நான் வாங்கிச் சுமந்தேன்.

பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

தீபாவளிக்கு மாப்பிள்ளையும் மகளும் வந்து போனார்கள். மறு வாரம் தோட்டத்தில், பந்தலுக்கு அந்தப் பக்க வரிசையில் நின்று பறித்துக்கொண்டே மதினி சொன்னாள். முகம் தெரியவில்லை. கொடி மறைத்திருந்தது.

"மாப்பிள்ளைக்கு நல்லாத்தான் எடுத்துருக்காக, பொண்ணுக்கு மட்டும் வேலைக்காரிக்கு எடுத்த மாதிரி எடுத்துருக்காகன்னு அந்தம்மா சொல்லிச்சாம். எம்மக ராத்திரி பூராம் அழுதுருக்கா."

நான் கொத்தை நறுக்கிப் பெட்டியில் வைத்தேன்.

"நீ பொறுன்னு சொன்ன" என்றாள். "ஆடியிலயே போயிக் கேட்டிருந்தா அப்பயே தெரிஞ்சிருக்கும். அதுக்கப்பறமும் புடிச்ச."

ஆடியும் ஆவணியும் புரட்டாசியும். மூன்று மாதம். மூன்று நூற்றைம்பது. அவள் சொன்னது சரி.

அந்த வாரச் சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது ஐந்து பேரிடமும் சொன்னேன். கட்டினதில் வராத மீதியை நான் தருகிறேன். ஒரே தடவையில் முடியாது. வாரா வாரம் தருகிறேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா? நீயா தின்ன?" என்றாள் அனுமந்தன்பட்டிக்காரி. அவள் மட்டும் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வந்தேன். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அக்காக்காரி எண்ணி வாங்கினாள். மதினி எண்ணவில்லை. வாங்கினாள்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. இப்போதும் தீபாவளி முடிந்ததும் டை கட்டிய யாராவது அட்டைப் புத்தகத்தோடு தோட்டம் தோட்டமாக வருகிறார்கள். எங்கள் பந்தலுக்கும் ஒருவன் வந்தான். அரிசிக்கு உண்டா, எண்ணெய்க்கு உண்டா, ஒரு வீட்டுக்கு எத்தனை அட்டை வேண்டும், எவ்வளவுக்கு வாங்கினால் கட்டின ஐம்பது திரும்ப வரும் என்று எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டேன். நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனான். அங்கேயும் பெண்கள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கத்தரியைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனேன். அன்று எனக்கு அரை நாள் கூலி போனது.

ஐந்து பேருக்கும் கொடுத்து முடிக்கச் சித்திரை ஆகிவிட்டது. கடைசியாக வாங்கியது மதினி. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இன்னிக்கு எத்தன பெட்டி?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய், பஸ் ஸ்டாண்டுச் சுவர் ஓரம் மதினிக்குக் கொடுத்த என் பங்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்.